வளைவெளியில் டிராக் சமன்பாடு: புராஜெக்டுக்கு எடுப்பவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர், வளைவெளியில், அதாவது ஈர்ப்பால் வளைந்த காலவெளியில், டிராக் சமன்பாட்டை (எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கான சார்பியல் குவாண்டம் சமன்பாடு) புராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். கும்பகோணத்தில் படித்தபோது நானும் அதைத்தான் எடுத்தேன். லேப் தேவையில்லை, பேப்பரும் பொறுமையும் போதும். ஆனால் எந்த வழியாக உள்ளே நுழைவது என்று தெரியாமல்தான் பாதி செமஸ்டர் போய்விடுகிறது.

பாடநூல்களில் பெரும்பாலும் இருப்பது டெட்ராட் வழி. 1929-இல் வெய்லும், ஃபாக்கும் இவானென்கோவும் போட்ட பாதை அது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகளை (இவைதான் டெட்ராட்) நிறுத்தி, டிராக் சமன்பாட்டில் வரும் காமா அணிகளை மாறிலிகளாகவே வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் அச்சு திரும்புவதை ஸ்பின் கனெக்ஷன் என்ற திருத்த உறுப்பு பார்த்துக்கொள்ளும். 1932-இல் ஷ்ரோடிங்கர் வேறு மாதிரி செய்தார். டெட்ராட்டே வேண்டாம், காமா அணிகளே இடத்துக்கு இடம் மாறட்டும், அவை தூரத்தை அளக்கும் மெட்ரிக்கோடு பொருந்தினால் போதும் என்பது அவர் வழி.

இரண்டையும் படித்ததும் நேராகக் கருந்துளைக்கு ஓடாதீர்கள். சாதாரணத் தட்டைத் தளத்தைப் போலார் ஆயங்களில் எழுதி, இரு வழியிலும் கையால் போட்டுப் பாருங்கள். டெட்ராட் வழியில் அச்சுகளை ஆரத்தின் திசையிலும் கோணத்தின் திசையிலும் வையுங்கள். வளைவு சுழி, ஆனாலும் ஸ்பின் கனெக்ஷன் சுழி ஆகாது. ஆர வகைக்கெழுவோடு 1/(2 × ஆரம்) என்ற உறுப்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று வந்தால் ஸ்பினாரின் (சமன்பாட்டின் தீர்வாக வரும் பல கூறு அலைச்சார்பு) குறி மாறும். ஷ்ரோடிங்கர் வழியில் காமா அணிகளை சைன், கொசைன் வைத்துக் கட்டினால் அந்த உறுப்பே வராது, குறியும் மாறாது. முதலில் எனக்கு இது முரண்பாடாகவே பட்டது. அரைக்கோணச் சுழற்சி அணியால் பெருக்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மொத்தக் கோண உந்தம் இரண்டிலும் 1/2, 3/2 என்றே வரும். இந்த ஒரு கணக்கு தந்த தெளிவைப் பல நாள் வாசிப்பு எனக்குத் தரவில்லை.

அப்புறம் கோளப் பரப்பு. டிராக் ஆபரேட்டரை வர்க்கப்படுத்தினால் வளைவு அளவெண்ணில் (ஒரு புள்ளியில் வளைவைச் சொல்லும் ஒற்றை எண்) நாலில் ஒரு பங்கு தனி உறுப்பாக வரும், இதுவும் ஷ்ரோடிங்கர் கண்டதுதான். ஆரம் 1 என்றால் அந்த அளவெண் 2, ஐகன் மதிப்புகள் ±1, ±2, ±3 என்று போகும். சுழி வராது, அந்த உறுப்பு நேர்மமாக இருப்பதே காரணம். நூலுக்கு நூல் மெட்ரிக்கின் குறி மாறும் என்பதால் உங்கள் குறிமரபை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின், சுழலும் கருந்துளையில் 1976-இல் சந்திரசேகர் இதே சமன்பாட்டை மாறிகள் பிரித்துக் காட்டிய வேலைக்குப் போகலாம். அங்கே இரு கூறு ஸ்பினார்கள் வேண்டும், அது மூன்றாவது வழி.

தையில் சம்பா அறுப்பு வந்துவிட்டால் வீட்டு வேலையைத் தட்ட முடியாது. போலார் கணக்கை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். நெட் தேர்வுக்குத் தட்டைவெளி டிராக், கிளைன்-கார்டன் சமன்பாடுகள் போதும், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வைவாவில், “ஸ்பினாருக்கு ஏன் சாதாரண டென்சர் வகைக்கெழு போதாது?” என்று கேட்கக்கூடும். பொது ஆய மாற்றங்களின் குலத்துக்கு முடிவுறு பரிமாண ஸ்பினார் உருவகிப்பு கிடையாது என்று தொடங்குங்கள். பிறகு போலார் கணக்கையே போர்டில் போட்டுக் காட்டலாம்.