எதை அனுப்பக்கூடாது

பழைய கருவிகளைச் செப்பனிட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் தொண்டு அமைப்புகள் பிரிட்டனில் சில உண்டு. கிளின் ராபர்ட்ஸ் 1979இல் தொடங்கிய 'டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்' அவற்றில் முன்னோடி. சவுத்தாம்டன் பக்கம் நெட்லி மார்ஷில் அதற்குப் பெரிய பட்டறை அமைந்தது, ஊர் ஊராகத் தன்னார்வலர் குழுக்கள் கிளைத்தன. 1980களில், இப்போது செஷம் நகரில் இயங்கும் 'வொர்க்எய்ட்' வந்தது. நான் வாரத்தில் ஒரு நாள் போவது இதே வேலையைச் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் இதுவரை எத்தனை டன் அனுப்பியிருக்கிறோம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதை அனுப்பாமல் ஒதுக்கினோம் என்று கேட்டால் இந்த அமைப்புகள் வளர்ந்த கதை இன்னும் நன்றாகப் புரியும்.

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கருவிகள் அவ்வளவு வந்து குவிந்தன. 1980களில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன. பள்ளிகளில் மரவேலை, உலோகவேலை வகுப்புகள் சுருங்கின. தாத்தா இறந்துபோனால் தோட்டத்துக் கொட்டகையில் இருப்பதை என்ன செய்வது என்று குடும்பங்கள் திண்டாடின. ஷெஃபீல்டு எஃகில் அடித்த உளிகள், பள்ளிப் பட்டறை வைஸுகள், இழைப்புளிகள் எல்லாம் குப்பைக்குப் போக இருந்தவை. மறுபக்கம் தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் தொழில் கற்ற இளைஞர்கள் கருவி வாங்கப் பணமில்லாமல் நின்றார்கள். இரண்டையும் இணைத்தால் போதும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அது மட்டும் போதவில்லை.

ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வரும் ரம்பங்களில் பாதியின் பல்நுனி கருநீலமாக இருக்கும். மின்சாரத்தால் நுனியை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்திய பற்கள் அவை. அரத்தை வைத்தால் கண்ணாடியில் உரசுவதுபோல வழுக்கிவிடும். மழுங்கும்வரை அருமையாக அறுக்கும், மழுங்கினால் எறிய வேண்டியதுதான். பக்கத்தில் எழுபது வருஷத்துப் பழைய ரம்பம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். அதை ரம்பம் பிடிக்கும் வைஸில் இறுக்கி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டி, ஒன்று விட்டு ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக வளைத்துவிட்டால் புதுசுபோல ஓடும். வாங்குகிறவர் அதையே தன் வாழ்நாள் முழுக்கத் தீட்டிக்கொள்ளலாம். எதை அனுப்புவது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பளபளவென்று இருக்கும் புது ரம்பத்தை ஒதுக்குவது கொடுத்தவருக்கு மனக்கஷ்டம். அவரிடம் பக்குவமாக விளக்குவதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி.

ஸ்பேனரிலும் இதே கதைதான். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள் பெட்டி பெட்டியாக வரும். உகாண்டாவின் கம்பாலாவில் மெக்கானிக்கின் முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியான டொயோட்டா. அதில் அவருக்குத் தினமும் வேண்டியவை 10, 12, 14, 17 மில்லிமீட்டர். விட்வொர்த் செட் அவர் கையில் வெறும் இரும்பு. கட்டுமானத் தளங்களிலிருந்து வரும் மஞ்சள் நிற மின்கருவிகளும் அப்படியே. பாதுகாப்புக்காக பிரிட்டனில் அவை 110 வோல்ட்டில் ஓடுகின்றன, தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அங்கே உயிர் வராது. ஆனால் வீட்டு உபயோக 230 வோல்ட் டிரில்லுக்குப் பிரச்சினை இல்லை. உகாண்டாவிலும் மலாவியிலும் மின்சாரம் அதே அழுத்தம்தான், மூன்று பட்டைப் பிளக்கும் அதேதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தையல் மெஷின் மேஜை. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 1980இல் மூடப்படும்வரை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சிங்கர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பஞ்சும் பழைய நூலும் சேர்ந்து இறுகிப்போன எண்ணெய்ப் பிசினைச் சுரண்டி எடுத்தால் மறுபடி ஓடாதது அபூர்வம். கரண்ட் வராத ஊருக்குப் போக வேண்டுமானால் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி மாட்டுவோம். அதற்குப் பக்கச் சக்கரம் ஆரக்கால் வைத்ததாக இருக்க வேண்டும். கைப்பிடியின் நாக்கு ஆரக்கால்களுக்கு நடுவே புகுந்துதான் சக்கரத்தைச் சுற்றும். மோட்டார் மாடல்களில் பெரும்பாலும் ஆரமில்லாத கட்டிச் சக்கரம் இருப்பதால், ஆரச் சக்கரம் கிடைத்தால் எங்களுக்குப் புதையல்.

தங்க நிற வேலைப்பாடோடு, படகு வடிவ நாடா (அடிநூலைக் கொண்டுபோகும் சின்ன உலோகக் கூடு) வைத்த மிகப் பழைய மெஷின்கள் உண்டு. பார்க்க அத்தனை அழகு. அந்த நாடா தொலைந்தால் சின்ன ஊரில் மாற்று கிடைப்பது கஷ்டம். கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் பரவலாக இருப்பது ஷாங்காயின் பட்டர்ஃபிளை மெஷின். அது சிங்கரின் 15ஆம் வகை மாடலைப் பார்த்துச் செய்தது. எனவே அதே வகை மெஷினை அனுப்பினால் பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் தையல்காரர் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். உதிரி பாகத்துக்கு லண்டனைப் பார்த்து நிற்க வைக்கும் மெஷின் உதவியே அல்ல என்பது என் திடமான கருத்து.

இந்தத் தெளிவெல்லாம் இங்கே உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை. அங்கேயுள்ள கூட்டாளி அமைப்புகள் பட்டியல் அனுப்பத் தொடங்கிய பிறகு வந்தது. தச்சருக்கு இன்ன கருவிகள், தையலுக்கு இன்னவை என்று தொழில்வாரியாகப் பெட்டி கட்டும் வழக்கம் அப்படித்தான் உருவானது. அப்புறம் கருவி மட்டும் போதாது, கூர் தீட்டவும் கணக்கு எழுதவும் விலை வைக்கவும் பயிற்சி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கொல்லர்களுக்குப் பட்டடைக்கல்லும் பயிற்சியும் கொடுத்தால் மண்வெட்டியையும் உளியையும் ஊரிலேயே அடித்துக்கொள்வார்கள். நம் தேவையையே குறைக்கும் உதவி அது. எனக்கு அதுதான் சிறந்த உதவியாகப் படுகிறது.

வளரும்போது செலவும் வளர்கிறது. கன்டெய்னர் வாடகை, தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சுங்கம், அங்கிருந்து கடலே இல்லாத ஜாம்பியாவுக்கு லாரி. இதற்கான பணத்தில் ஒரு பங்கு நன்கொடையாக வரும் அபூர்வக் கருவிகளை விற்றுத்தான் கிடைக்கிறது. உலோகக் கூட்டில் மரம் பொதிந்த, நோரிஸ் என்ற பழைய லண்டன் கம்பெனியின் இழைப்புளி ஒன்றுக்கு இங்கே சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையில் பல தச்சர்களுக்குக் கருவி வாங்கலாம்.

இப்போது கொட்டகைகளும் மாறிவிட்டன. வருவதில் பாதி பேட்டரி டிரில்கள், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. செத்த பேட்டரியை யாருக்கும் கொடுக்க முடியாது, லித்தியம் பேட்டரியைக் கப்பலேற்ற ஆபத்தான சரக்குக்கான விதிகள் வேறு. நல்ல கைக்கருவிகள் குறைய ஆரம்பித்துவிட்டன. விற்கக்கூடியதை இன்னும் தாராளமாக விற்று, அந்தப் பணத்தில் கம்பாலாவிலும் ஜாம்பியாவின் லுசாகாவிலும் கடையிலேயே புதிதாக வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் சொல்லி வருகிறேன். கடைக்காரருக்கும் வியாபாரம், கப்பல் செலவும் மிச்சம். பட்டறையில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடில்லை. கடையில் கிடைக்கும் மலிவு உளி ஒரு மாதம் தாங்காது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். அதனால் உளியும் இழைப்புளியும் இங்கிருந்தே போகட்டும், ஸ்பேனரும் அளவு நாடாவும் அங்கேயே வாங்கட்டும் என்று இந்த வருஷத்துப் பெட்டிகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.