கிளவுட் பேக்கப் தேடல்: ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகுதான் முடிவு

லேப்டாப்பில் உள்ள சுமார் 300 ஜிபியைக் கிளவுடில் பேக்கப் எடுத்து வைக்கும் வேலை ஒரு வழியாக ஓட ஆரம்பித்திருக்கிறது. குடும்பப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், பாட்டி பேசப் பேசப் பதிவு செய்த ஆடியோக்கள், இவைதான் முக்கியம். சினிமாவும் டவுன்லோட் ஃபோல்டரும் கணக்கிலேயே இல்லை, போனால் போகட்டும்.

முதல் சுற்றிலேயே கழித்துவிட்டது கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மூன்றையும். இலவச இடம் முறையே 15, 2, 5 ஜிபி. அந்த 15-லும் ஜிமெயிலுக்கும் 2021 ஜூனுக்குப் பிறகு ஏற்றிய போட்டோக்களுக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்தால் இடம் கிடைக்கும், அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் இவை அடிப்படையில் சிங்க் செய்பவை. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும், டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனிக்காவிட்டால் அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கும் ஃபோல்டர் காணாமல் போனது 30 நாளுக்குள் யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்து பேக்பிளேஸ், பேக்கப்புக்கென்றே இருக்கும் சேவை. ஒரு கம்ப்யூட்டருக்கு அளவில்லாத இடம், 2023-ல் விலையை வருஷத்துக்கு 99 டாலர் ஆக்கினார்கள். இன்ஸ்டால் செய்துவிட்டு மறந்துவிடலாம், அப்பாவின் கம்ப்யூட்டருக்கு இதைத்தான் போடுவேன். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம், அந்தத் திட்டத்தில் லினக்ஸுக்கு மென்பொருள் கிடையாது, என்னிடம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கிறது. தவிர, இதே மாதிரி பேக்கப் சேவையான கிராஷ்பிளான் 2017-ல் வீட்டு உபயோகத் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தது நினைவில் இருக்கிறது. கம்பெனி மனசு மாறினால் நாமும் மூட்டை கட்ட வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு சேவையை டிரையலில் போட்டு, ஏற்றியதைத் திரும்ப இறக்கிப் பார்த்தேன். ஏற்றம் ஜோர். இறக்கினால் ஜிப்பாக வந்தது, விரித்ததும் தமிழில் பெயர் வைத்திருந்த கோப்புகள் எல்லாம் கேள்விக்குறியும் கட்டங்களுமாக நின்றன. 'தாத்தா வீட்டுப் பத்திரம்' எது, 'மின் கட்டண ரசீது' எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது பத்திரமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆயிரக்கணக்கில் இருந்தால் யார் உட்கார்ந்து பிரிப்பது? விளம்பரப் பட்டியல் எதிலும் இது வராது, இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியில் பிடித்தது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள், அது அனுப்புவதை வைத்துக்கொள்ள பேக்பிளேஸின் பி2, அதாவது அளவுக்கேற்ப வாடகை தரும் கிளவுட் சேமிப்பு. ரெஸ்டிக் இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நம் கம்ப்யூட்டரிலேயே என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் மேலே அனுப்பும், ஒரே போட்டோ நாலு ஃபோல்டரில் இருந்தாலும் ஒரு தடவைதான் ஏறும். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒவ்வொரு முறை பேக்கப் எடுத்தபோதும் இருந்த நிலையை, நாமாகச் சொன்னால் ஒழிய அழிக்காது. 2023-ல் பி2-க்கு மாதம் ஒரு டிபிக்கு 6 டாலர் என்று ஆக்கினார்கள், அந்தக் கணக்கில் என் 300 ஜிபிக்கு 2 டாலர்கூட ஆகாது. நாளைக்கு பி2 பிடிக்கவில்லை என்றால் அதே ரெஸ்டிக்கை வேறு இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு இதுதான் பெரிய விஷயம். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு இது சரிப்படாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஏற்றம்தான் பொறுமையைச் சோதிக்கும். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு நாலரை ஜிபி, 300-க்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் விடாமல் ஓட வேண்டும். பகலில் வீடியோ கால் திக்காமல் இருக்க வேகத்துக்கு வரம்பு போட்டேன், இரவில் திறந்துவிட்டேன். நடுவில் கரண்ட் போனபோது மறுபடி ஓட்டினேன், ஏறியதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஏற்றியது.

பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் ஆடியோ ஃபோல்டரை மட்டும் இறக்கினேன். தமிழ்ப் பெயர்கள் அப்படியே வந்தன, கோப்புகளின் பழைய தேதிகூட மாறவில்லை. பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதால் அதைத் தாளில் எழுதி பீரோவில் பத்திரங்களோடு வைத்து, தங்கையிடமும் சொல்லியாயிற்று. வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி தனியாக இருக்கிறது.

பாக்கி இருப்பது கல்யாண வீடியோக்கள். ஏற்றுவதா, இன்னொரு டிஸ்கோடு விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.