மூன்று வைப்பர்கள்

இன்று காலை ஜாகுவார் ஈ-டைப் மாடல் கார் மேல் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். 1:43 அளவு, அதாவது அசல் காரில் 43இல் ஒரு பங்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பிரஷ் முன்கண்ணாடியில் நின்றது. அங்கே மூன்று வைப்பர்கள், நூலிழை மாதிரி!

1961இல் ஜெனீவாவில் அறிமுகமான அசல் காரிலும் மூன்றுதான். கண்ணாடி அகலம், ஆனால் உயரம் குறைவு. இரண்டு போட்டால் முழுசாகத் துடைக்காது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த கார், மழைக்குப் பஞ்சமில்லாத நாடு.

 

மாடல் செய்தவர் இரண்டோடு விட்டிருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அவர் விடவில்லை.

அப்புறம் அதை அலமாரியில் கண்ணாடி என்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.