ஐந்து நிமிட எச்சில்

எனக்கு வாயில் லைக்கன் பிளானஸ் இருக்கிறது என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உள்கன்னத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சரிகை பின்னியதுபோல் கோடுகள், நடுவே தோல் உரிந்த சிவப்பு. முதலில் எல்லாரும் சொன்னது வயிற்றுச் சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் என்று எட்டு மாதம் போயிற்று. பிறகுதான் வேலூருக்குப் போய், கன்னத்தில் ஒரு துளி சதையை எடுத்து, இரண்டு தையல் போட்டு, பெயரைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வாயின் தோலைத் தாக்கும் நோய் இது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்று சொல்லி, அந்தத் தாக்குதலைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள்.

களிம்பு கேட்டது. ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தேன். போன கோடையில் எரிச்சல் திரும்பியது. ரசத்தில் இருக்கும் மிளகுகூடத் தாங்கவில்லை. பள்ளியில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்யுளைச் சத்தமாகப் படித்துக் காட்டும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நோய் முற்றிவிட்டது என்று பயந்து, இரண்டு வேளை தடவிய களிம்பை நானாகவே நான்கு வேளை ஆக்கினேன். எரிச்சல் குறையவில்லை, கூடியது. மூன்று வாரம் இப்படி எனக்கு நானே கெடுதல் செய்துகொண்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த மூன்று வாரத்துக்காகத்தான்.

குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் மறுபடியும் வேலூருக்குக் கிளம்பினேன். பல் துலக்கிய பிறகு இரண்டு மணி நேரம் காபி, தண்ணீர் எதுவும் கூடாது, களிம்பும் தடவக் கூடாது என்று முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். பள்ளிகொண்டாவில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே மணலைத்தான் பார்த்தேன். என் வாயும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் அம்மா முதலில் ஒரு துணித் துண்டால் கன்னத்தைத் துடைத்தார். கோடுகள் அப்படியே இருந்தன. நாக்கின் ஓரத்தில் தயிர்த் திப்பி மாதிரி ஒட்டியிருந்த வெள்ளையைத் துடைத்தார். அது கையோடு வந்துவிட்டது, அடியில் ரத்தச் சிவப்பு. “கோடு உங்கள் நோய், இது வேறே. இது பூஞ்சை மாதிரி தெரிகிறது” என்றார். பிறகு, மேல்வரிசையில் நான் மாட்டியிருக்கும் பல் செட்டைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். மேலண்ணம் முழுவதும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பின் எல்லை, பல் செட்டின் விளிம்பை அச்சு வைத்தாற்போல் இருந்தது. “ராத்திரி கழற்றிவிட்டுத்தானே தூங்குகிறீர்கள், டீச்சர்?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. பல் இல்லாத முகத்தை வீட்டில் யாருக்கும் காட்டப் பிடிக்காமல், ஆறு வருடமாக மாட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அடுத்தது எச்சில் அளக்கும் சோதனை. அளவுக் கோடு போட்ட ஒரு சிறிய குழாய், அதன் வாயில் ஒரு புனல். ஒருமுறை விழுங்கிவிட்டு, தலையைக் கவிழ்த்து உட்கார வேண்டும். அதன் பிறகு விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. ஊறுவது தானாக வழிந்து புனலில் விழ வேண்டும். ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். கீழுதட்டில் ஒரு சொட்டு திரண்டு நூலாக இறங்குவதற்குள் யுகம் போனது. கடைசியில் நுரையைத் தள்ளிப் பார்த்தால் 0.4 மில்லி. நிமிடத்துக்கு 0.3 மில்லியாவது ஊறுவது வழக்கமாம், 0.1-க்குக் கீழே போனால் வறட்சி. எனக்கு 0.08. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு மெழுகுத் துண்டைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் 5 மில்லி வந்தது! “சுரப்பி நன்றாகவே இருக்கிறது. அதை ஏதோ தடுக்கிறது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றார். கால் நரம்பு வலிக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின் வாயை வறளச் செய்யும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நோயே இல்லாத எத்தனையோ பேர் வாயிலும் சும்மா குடியிருக்கிறது. உமிழ்நீர் அதை இடைவிடாமல் கழுவி இறக்குகிறது. அதிலுள்ள லைசோசைம், ஹிஸ்டாட்டின் போன்ற புரதங்கள் அதைப் பெருகவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. எனக்கோ நீர் வற்றியது. ஸ்டீராய்டு அந்த இடத்தின் காவலைத் தளர்த்தியது. பல் செட்டின் அடியில் பூஞ்சைக்கு ஒதுங்க ஈரமான இடம் கிடைத்தது. நான் களிம்பைக் கூட்டக் கூட்ட அது செழித்திருக்கிறது.

நாக்கிலிருந்தும் மேலண்ணத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியால் எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் அன்றே பூஞ்சையின் இழைகள் தெரிந்துவிட்டன. எடுத்ததைத் தட்டில் வளரவிட்டுப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். கெஞ்சிக் கேட்டதால், மூடியைத் திறக்காமல் தட்டைக் காட்டினார்கள். தோசைக்கல்லில் தெறித்த மாவுத் துளிகள்போல, வெளிர் மஞ்சளாய், உருண்டு திரண்டு, தட்டு நிறைய. இவ்வளவும் என் வாயிலா என்று உடம்பு சிலிர்த்தது.

மருத்துவம் எளிதாகவே இருந்தது. பூஞ்சைக்கான கிளோட்ரிமசோல் திரவம் நாளுக்கு நான்கு வேளை, இரண்டு வாரம். களிம்பு பழையபடி இரண்டு வேளை. தடவிய பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பல் செட்டைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரவு முழுக்க அவர்கள் சொன்ன கரைசலில் ஊற வைக்க வேண்டும். நரம்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே அனுப்பினார்கள். அவர் அளவைப் பாதியாக்கினார். வகுப்புக்கு நடுவே சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மெல்லவும் சொன்னார்கள். ஆசிரியைக்கு அது கூச்சம்தான், ஆனாலும் இடைவேளையில் மெல்கிறேன்.

பத்தாம் நாள் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது ஐந்து நிமிடத்தில் 1.1 மில்லி. கோடுகள் இருக்கின்றன, இருக்கத்தான் செய்யும். நூற்றில் ஒருவருக்கு இந்தப் புண் புற்றாக மாறலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டியாக வேண்டும்.

இதே நோயோடு போகிறவர்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், வேறு டாக்டர் கொடுத்தவை உட்பட. பல் செட்டு இருந்தால் அதையும் கழற்றிக் காட்டுங்கள். அடுத்த தை மாதம் எனக்கு மறுபடியும் முதல் பஸ். முந்தைய இரவு டம்ளரில் ஊறும் பல் செட்டை மேசை மேலேயே வைத்துவிட்டுத் தூங்குவேன். பேத்தி அதைப் பார்த்துப் பழகிவிட்டாள்.