கிரானுலோமா என்று ரிப்போர்ட் வந்தால் சிறுநீரையும் பாருங்கள்

நுரையீரல் பயாப்ஸியில் 'கிரானுலோமா' (அழற்சி அணுக்கள் கூடிய சிறு முடிச்சு) என்று வந்துவிட்டால் நம் ஊரில் முதலில் டிபி, அது இல்லையென்றால் சார்காய்டோசிஸ் (காரணம் தெரியாமல் உறுப்புகளில் கிரானுலோமாக்கள் வளரும் நோய்) என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். ரத்தக்குழாய் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. சார்காய்டோசிஸும் ரத்தக்குழாயைத் தொடும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

சார்காய்டு கிரானுலோமாக்கள் நிணநீர்ப் பாதைகளை ஒட்டி வளர்பவை. நுரையீரலில் அந்தப் பாதைகள் மூச்சுக்குழலோடும் ரத்தக்குழாயோடும் சேர்ந்தே ஓடுகின்றன. அதனால் குழாயின் சுவருக்குள் கிரானுலோமா தெரிவது அதிசயமல்ல. அதை வைத்து மட்டும் வாஸ்குலைட்டிஸ் என்று எழுதக் கூடாது. பேத்தாலஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டியது, திசு செத்திருக்கிறதா என்பது. சார்காய்டில் கிரானுலோமா கெட்டியாக, உருண்டையாக, பெரும்பாலும் செத்த திசு இல்லாமல் இருக்கும். கிரானுலோமாடோசிஸ் வித் பாலிஆன்ஜைட்டிஸில் (ஒரு வகை வாஸ்குலைட்டிஸ், பழைய பெயர் வெகனர்) தேசப்படம் போலக் கோணல்மாணலாகத் திசு செத்திருக்கும், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) கூட்டங்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றை பேத்தாலஜிஸ்ட் லீபோ 1973-ல் விவரித்தார்: நெக்ரோடைசிங் சார்காய்டு கிரானுலோமாடோசிஸ். செத்த திசு எங்கே தெரிந்தாலும் ஜீன்எக்ஸ்பர்ட்டும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) டிபி கல்ச்சரும் அனுப்பாமல் ஸ்டீராய்டு தொடங்குவது ஆபத்து.

அடுத்தது, விலை குறைந்த, ஆனால் அடிக்கடி விட்டுப்போகிற சோதனை: சிறுநீர். வெகனர் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் தாக்கும். சிறுநீர்ச் சோதனை ஸ்டிக்கில் ரத்தமும் புரதமும் வந்தால், புதிதாகப் பிடித்த சிறுநீரைச் சுழற்றி ஒரு மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வைத்திருந்தால் காஸ்ட்டுகள் (சிறுநீரக நுண்குழல்களில் வார்ப்பாக உருவாகும் துகள்கள்) கரைந்துவிடும். உருக்குலைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு காஸ்ட்டும் இருந்தால் அது குளோமெருலஸ் (சிறுநீரகத்தின் வடிகட்டி) அழற்சி. உடனே கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை), ஆன்கா (வாஸ்குலைட்டிஸில் வரும் ஆன்டிபாடி; வகைகள் பிஆர்3, எம்பிஓ) அனுப்புங்கள். சார்காய்டு சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது பெரும்பாலும் இடைத்திசு அழற்சியாகவோ கால்சியக் கல்லாகவோதான் வரும். டிபியிலும் ஆன்கா பாசிட்டிவ் ஆகலாம் என்பதால் அதைத் தனியாக நம்ப முடியாது. ஏசிஇ (சார்காய்டில் ஏறக்கூடிய ரத்த நொதி) அளவும் அப்படித்தான். எனலாப்ரில் என்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இறங்கியே காட்டும்.

பெரிய குழாய்களுக்கு இரண்டு கைகளிலும் பிபி பார்ப்பதே முதல் படி. திரும்பப் பார்த்தும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரை எலும்பின் கீழ் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேளுங்கள், ஆஞ்சியோ எடுங்கள். தகாயாசு நோயும் (உடலின் பெரிய தமனியான அயோர்ட்டாவையும் அதன் கிளைகளையும் தாக்கும் வாஸ்குலைட்டிஸ்) சார்காய்டோசிஸும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது. பெட் ஸ்கேன் (அழற்சி உள்ள இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) எடுப்பதென்றால் முடிந்தவரை ஸ்டீராய்டுக்கு முன்பே எடுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு அயோர்ட்டாவின் ஒளிர்வு மங்கிவிடும்.

ஒரு பொறி: விட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் பாக்கெட்டைக் கொடுத்துவிடுவது. சார்காய்டில் கிரானுலோமாவே அதை வீரியமுள்ள வடிவமாக மாற்றி கால்சியத்தை ஏற்றும். முதலில் கால்சியம் பாருங்கள்.

பெயர் எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், மருந்து மாறுகிறது. நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) தினம் 20 முதல் 40 மில்லிகிராம் வரை போதும், பலருக்கு மருந்தே வேண்டியதில்லை. சிறுநீரகம் பிடிபட்ட வெகனருக்கு ஸ்டீராய்டோடு நோய் எதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் அல்லது சைக்ளோபாஸ்ஃபமைடு உடனே வேண்டும். அடங்காத சார்காய்டோசிஸில் இன்ஃப்ளிக்ஸிமாப் கைகொடுக்கிறது. அதே டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) எதிர்ப்பு வகையைச் சேர்ந்த எடனர்செப்ட், 2005-ல் வெளியான வெகனர் சோதனையில் நோயை அடக்கிவைக்க உதவவில்லை.