கொள்ளி வைக்கத் தன் வீட்டையே கொடுத்தவர்: டெல்லியில் இரண்டு குருத்வாராக்கள்

செங்கோட்டை மெட்ரோவில் இறங்கினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். ஜைனர்களின் லால் மந்திர், அதை ஒட்டி கௌரிசங்கர் கோயில் எனச் சாந்தினி சவுக்கில் கும்பிட்டுக்கொண்டே வந்த அம்மா, தங்கக் கலசங்களைப் பார்த்ததும் "இதுதானா?" என்றாள். அதுதான். சீஸ் கஞ்ச் சாகிப் குருத்வாரா. சீஸ் என்றால் தலை.

செருப்பு வைக்கும் இடத்தில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், வெள்ளைத் தாடி, கையில் விலை உயர்ந்த கடிகாரம். அம்மாவின் தேய்ந்த செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டு அலமாரியில் வைத்தார். அம்மா பதறிப்போனாள். "பெரிய மனுஷர் மாதிரி இருக்காரே, என் செருப்பைப் போய்த் தொடுறாரே!" என்றாள். அங்கே அதுவும் ஒரு சேவை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்வதில்லை, முறை போட்டுக்கொண்டு வந்து செய்கிறார்கள்.

தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனோம். ஆர்மோனியமும் தபலாவும் சேர்ந்து கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. சீக்கியர்களின் புனித நூலான கிரந்த சாகிப் முன்னால் விழுந்து வணங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம். சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675 நவம்பரில் உயிர் கொடுத்த இடம் இது. எந்த மரத்தடியில் அவர் தலை வெட்டப்பட்டதோ, அந்த ஆலமரத்தின் அடிப்பகுதியையும், கடைசி நாட்களில் அவர் குளித்த கிணற்றையும் இங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் காதோரம் கதையைச் சொன்னேன். காஷ்மீரப் பண்டிதர்கள், ஔரங்கசீப் காலத்துக் கட்டாய மதமாற்றத்துக்குப் பயந்து, கிருபா ராம் என்பவர் தலைமையில் குருவைத் தேடிப் போனார்கள். தங்கள் பூணூலையும் திலகத்தையும் காப்பாற்றித் தரும்படி கேட்டார்கள். சீக்கிய குருக்கள் பூணூல் போடுகிறவர்கள் இல்லை. முதல் குருவான நானக், சிறுவனாக இருக்கும்போதே அது வேண்டாம் என்று சொன்னவர். தான் அணியாத ஒன்றை இன்னொருவர் அணியும் உரிமைக்காக இவர் கழுத்தைக் கொடுத்திருக்கிறார். எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

குருவோடு பிடிபட்ட மூன்று சீடர்களை அவர் கண் முன்னாலேயே கொன்றார்கள். மதி தாசை ரம்பத்தால் அறுத்தார்கள். தயால் தாசைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டார்கள். சதி தாசைப் பஞ்சில் சுற்றி எரித்தார்கள். அதற்குப் பிறகும் குரு மதம் மாறச் சம்மதிக்கவில்லை. கிரந்த சாகிப்பை முழுதாகப் பாராயணம் செய்யும்போது நிறைவில் வருவது இவர் பாடிய 57 சலோகங்கள்தான். அவற்றில் ஒன்று, எவரையும் பயமுறுத்தாதவனும் எவருக்கும் பயப்படாதவனுமே ஞானி என்று சொல்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அது சரி, யாருடி கொள்ளி வச்சது?"

நான் பல தடவை இங்கே வந்திருக்கிறேன், எனக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றியதே இல்லை. அன்று அந்தத் தெருவில் உடலைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. பாயி ஜைத்தா என்பவர் தலையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, காவலுக்குத் தப்பி, சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி ஆனந்த்பூர் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய ரங்கரேட்டா சமூகத்தில் பிறந்தவர் அவர். அங்கே இருந்த குருவின் மகன் கோவிந்த ராய்க்கு வயது சுமார் ஒன்பது. பின்னாளில் பத்தாவது குரு கோவிந்த் சிங் ஆன அந்தப் பிள்ளை, ஜைத்தாவை இழுத்து அணைத்துக்கொண்டு "ரங்கரேட்டே குரு கே பேட்டே" என்றான். ரங்கரேட்டாக்கள் குருவின் பிள்ளைகள் என்று அர்த்தம். தந்தையின் தலைக்கு ஆனந்த்பூரில் மகனே தீ மூட்டினான். ஜைத்தா பிற்காலத்தில் ஜீவன் சிங் என்ற பெயரோடு, கோவிந்த் சிங் அமைத்த கால்சா என்ற சீக்கியர் அமைப்பில் சேர்ந்து, குருவுக்காகப் போரிட்டே உயிர் விட்டார்.

"அப்போ உடம்பு?" என்றாள் அம்மா.

அதற்குத்தான் ரகாப் கஞ்ச் போனோம். ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நாடாளுமன்றத்துக்கு எதிரே, மரங்களுக்கு நடுவே வெள்ளைப் பளிங்கில் நிற்கிறது. அந்தக் காலத்தில் ரைசினா என்கிற கிராமம் இது. லக்கி ஷா வணஜாரா என்ற வணிகர் வண்டி வண்டியாகச் சரக்கு ஏற்றிச் செல்பவர். அன்று புழுதிப்புயல் வீசியபோது தன் வண்டிகளைச் சாந்தினி சவுக் வழியாக ஓட்டி, குருவின் உடலைச் சரக்குக்குள் மறைத்து இங்கே கொண்டுவந்தார் என்பது சீக்கிய மரபு. வெளியே சிதை அடுக்கினால் புகை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உடலை வீட்டுக்குள் கிடத்தி, வீட்டுக்கே தீ வைத்தார். பார்ப்பவர்களுக்கு யாரோ ஒருவர் வீடு தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

இந்த இடங்கள் அப்படியே மறைந்துபோயிருக்கலாம். 1783-ல் சீக்கியத் தளபதி சர்தார் பகேல் சிங் படையோடு டெல்லிக்குள் வந்தார். முகலாயப் பேரரசர் ஷா ஆலமோடு செய்த உடன்பாட்டில் ஏழு குருத்வாராக்கள் கட்ட அனுமதி வாங்கினார். செலவுக்குச் சுங்க வரியில் ரூபாய்க்கு ஆறணா. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர் சுமக்கும் குடும்பத்து முஸ்லிம் மூதாட்டி ஒருவர்தான் சீஸ் கஞ்ச் இடத்தைக் காட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அன்று ரத்தம் கழுவியவர் அவருடைய தகப்பனாராம்.

எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் பாயில் உட்கார்ந்தோம். "பர்ஷாதா ஜி" என்று ரொட்டிக் கூடையோடு வந்த பையனிடம் அம்மா ஒரு கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் இரு கைகளையும் ஏந்திக் காட்டினாள். அம்மாவும் அப்படியே ஏந்த, சூடான ரொட்டி உள்ளங்கையில் விழுந்தது. பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, பாயசம். வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது நெய் ஒழுகும் கோதுமை அல்வாவான கடா பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படியில் நின்று கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்குத் தீ வச்சாரே, அந்த வீட்டுக்காரி என்ன சொல்லியிருப்பா? அடுப்படிச் சாமானெல்லாம் உள்ளேதானே இருந்திருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா பிரசாதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வலிக்கும் முழங்காலோடு மறுபடியும் படியேறிப் போய் இன்னொரு தடவை விழுந்து கும்பிட்டு வந்தாள்.