ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன்

காலையில் மைதானத்தில் ஒரு பையன் முதல் பந்திலேயே போல்டு. பத்து வயதுதான் இருக்கும்.

பேடைக்கூடக் கழற்றாமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். இடது பேடின் வார் அவிழ்ந்து மண்ணில் கிடந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, மர்வன் அத்தபத்துவைப் பற்றிச் சொன்னேன்.

1990 நவம்பர், சண்டிகர். இலங்கை அணிக்காக அவருடைய முதல் டெஸ்ட். இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம்.

1992இல் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 0, 1.

1994இல் அகமதாபாத்தில் திரும்பவும் 0, 0.

ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்!

அந்த முட்டைகளைவிட நடுவில் இருக்கும் வருடங்கள்தான் என்னை உலுக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளூர் ஆட்டத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து ரன் சேர்த்திருக்கிறார் மனுஷன்.

1997 நவம்பரில் முதல் சதம், 108. எங்கே தெரியுமா? மொகாலியில். அதே சண்டிகரை ஒட்டிய ஊர்.

அப்புறம் ஆறு இரட்டைச் சதம். 90 டெஸ்டில் 5,502 ரன். இலங்கைக்குக் கேப்டனாகவும் இருந்தார்.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை.

"மூணாவது தடவையும் முட்டை வாங்கினப்புறம் வீட்டுக்குப் போய் என்னண்ணா பண்ணிருப்பாரு?"

"மறுநாள் பிராக்டீஸுக்குப் போயிருப்பார்டா."

குனிந்து அந்த வாரை இழுத்துக் கட்டிக்கொண்டான்.